கூட யாரு வந்திருக்கா?

முப்பத்தோரு வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது என் வாயில் வந்த கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" ஸ்கேனுக்கு ட்ராலி தள்ள ஆள் வேண்டும். ரத்த சாம்பிளை லேபில் கொடுக்க, மத்தியானம் ரிசல்ட்டை வாங்கி வர, வெந்நீர் பிடிக்க, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். "ஒருத்தரும் வரல சிஸ்டர்" என்று சொல்கிறவர்கள், ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி போர்வையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள்.

2018-ல் ரிட்டயர் ஆனேன். பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூன்று பேர் சேர்ந்து, கூட ஆள் இல்லாதவர்களுக்குத் துணையாகப் போய் வர ஆரம்பித்தோம். இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். இதற்கு இன்றுவரை பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பேனர் அடிக்கத் தோன்றும். வேறு சேகரங்களில் (ஒரு குருவானவரின் கீழ் இருக்கிற சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) இருந்து, "நாங்களும் செய்யணும், எப்படி ஆரம்பிக்க?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடத் தூக்கத்தில் சொல்லும். ஆனால் அந்த ஆள் புதிதாகச் சத்திரம் கட்டவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், ஏற்கெனவே இருந்த சத்திரத்துக்குக் கூட்டிப் போனான், ராத்திரி கூட இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நம் ஊரிலும் சத்திரங்கள் இருக்கத்தான் செய்கின்றன: பெரியாஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை. வீட்டுக்கும் சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற ரோட்டில்தான் ஆள் இல்லை. நாங்கள் செய்வது அந்த ரோட்டு வேலை.

தெருவை நடந்து பாருங்கள்

கமிட்டியில் தீர்மானம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். தீர்மானம் போட்டால் கன்வீனர் வேண்டும், கன்வீனர் யார் என்று இரண்டு மாதம் ஓடும். சேகரத்து ஐயரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெயில் தணிந்தபின், இரண்டு பேராக உங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருவையும் நடந்து பாருங்கள்.

ஃபாரம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டாம். தெருவின் கதை தெரிந்தவர்கள் நாலைந்து பேர் எல்லா இடத்திலும் இருப்பார்கள்: இட்லிக்கடை ஆச்சி, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், அங்கன்வாடி டீச்சர், மெடிக்கல் ஷாப் பையன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற அக்காவைக் கட்டாயம் பிடியுங்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், யாருடைய மகன் எட்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றும் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா கேட்டது வெயிலுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் பத்து நிமிஷம் உட்கார ஒரு திண்ணையும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் வீடு, ஆள், உடம்புக்கு என்ன என்று எழுதுங்கள். நாலாவதாக, "யார் வந்து போகிறார்கள்?" என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கிற வீடுதான் உங்கள் வீடு. அவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று கட்டம் போட வேண்டாம். நாங்கள் மூன்று தெருவில் பத்தொன்பது வீடு எழுதினோம். அரிசி வேண்டும் என்றவர்கள் நாலு பேர்தான். அரிசிதான் ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறதே. மற்றவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அரை நாள் கூட வர ஒரு ஆள்.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நாங்கள் பண்ணிய கூத்தையும் சொல்ல வேண்டும். முதல் கிறிஸ்மஸுக்குப் பத்து வீட்டுக்கு பத்து கிலோ அரிசிப் பையும் ஒரு சேலையும் கொடுத்தோம். கொடுக்கும்போது போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான்தான். அந்தப் போட்டோவில் அம்மா பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. சபையில் ஒரு பையனும் அதே வகுப்பு. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அவளுக்கு "அரிசிப்பை" என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் அம்மா ஜனவரி பூராவும் என்னைப் பார்த்தால் குழாயடியில் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. அன்றிலிருந்து போட்டோ கிடையாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று படித்ததெல்லாம் அந்தக் குழாயடியில்தான் எனக்கு ஏறியது.

ஓ.பி. நாள்

இதை விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு மஞ்சப்பையை எடுத்து, வீட்டில் இருக்கிற எல்லா ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதில் போடச் சொல்லுங்கள். காலண்டருக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் என்று நாலு இடத்தில் இருக்கும். சாப்பிடுகிற மாத்திரை, நிறுத்திவிட்ட மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம், பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கேட்டுச்சு" என்று கொடுத்தது எல்லாமும் பைக்குள் வர வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பார்கள். "டாக்டர் திட்டமாட்டார், திட்டினா நான் வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லுங்கள். ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, காப்பீட்டு அட்டை, மூன்றுக்கும் ஜெராக்ஸ். பேனா. தண்ணீர் பாட்டில். சுகர் உள்ளவர் என்றால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த உடனே சாப்பிட நாலு இட்லி. இந்த இட்லியை மறந்துவிட்டு, ஒரு தாத்தா வரிசையில் கண்ணு இருட்டி என் தோளில் சாய்ந்திருக்கிறார். நர்ஸாக இருந்தவளே மறந்தேன் என்றால் பாருங்கள்.

காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். இரண்டு பேர் போனால் ஒருவர் சீட்டு வாங்க நிற்க, ஒருவர் பெரியவரோடு நிழலில் உட்காரலாம். ஒரே ஆள் என்றால், முதலில் அவரை உட்கார வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நடக்க முடியாதவருக்கு வாசலிலேயே வீல்சேர் கேளுங்கள், உள்ளே போய்க் கேட்டால் மறுபடி வாசலுக்குத்தான் வர வேண்டும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் வாய் சும்மா இருக்காது. அடக்கிக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு மூணு நாளா வயித்து வலி டாக்டர்" என்று நாம் ஆரம்பித்தால், டாக்டர் அதற்கப்புறம் நம்மைப் பார்த்துத்தான் பேசுவார். பாட்டி சொல்லட்டும். விட்டுப்போனதை மட்டும் கடைசியில் எடுத்துக் கொடுங்கள். எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: இது எதற்கான மாத்திரை? பழைய மாத்திரையில் எதை நிறுத்த? திரும்ப எப்போது வர? பதிலை அங்கேயே சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்து வாங்கியதும் வீட்டுக்கு ஓடாதீர்கள். மரத்தடியில் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு "மஞ்சள் கலர் காலைல, வெள்ளை ராத்திரி" என்று சொல்லிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அடுத்த மாதம் கம்பெனி மாறும், மஞ்சள் வெள்ளையாகிவிடும். நாங்கள் பழுப்புக் காகிதக் கவரில் படம் வரைகிறோம். அரை வட்டமாகச் சூரியன் இருந்தால் காலை, முழுச் சூரியன் மத்தியானம், பிறை ராத்திரி. படத்துக்குப் பக்கத்தில் தட்டு. தட்டு காலி என்றால் சாப்பிடும் முன், தட்டில் புள்ளி இருந்தால் சாப்பிட்டபின். மாத்திரை அட்டையைக் கத்தரித்து அதனதன் கவரில் போட்டு, "இப்போ எனக்குச் சொல்லுங்க" என்று அவரையே திருப்பிச் சொல்ல வைப்போம். பின்தெரு ஆச்சி ஒரு தடவை பிறையைப் பார்த்துவிட்டு, "அமாவாசைக்கு என்ன செய்ய?" என்றார். கேலிக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நிஜமாகவே கேட்டிருக்கிறார். பிறகு பிறைக்குப் பக்கத்தில் ஒரு பாயும் வரைய ஆரம்பித்தோம்.

அன்று ராத்திரி ஏழு மணிக்குப் போன் பண்ணுங்கள், மாத்திரை போட்டாச்சா என்று. மறுநாள் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். சமாரியனின் மறுநாள் இதுதான். நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறோம்.

வார்டில் சேர்த்துவிட்டால்

அட்மிஷன் ஆனவருக்கு வீட்டு ஆள் இருந்தாலும் உங்களுக்கு வேலை உண்டு. புருஷனுக்குக் காவலாக நாலு நாள் தரையில் படுத்திருக்கிற மனைவி குளித்திருக்க மாட்டார். போய், "மைனி, நான் மூணு மணி நேரம் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திட்டு வாங்க" என்று சொல்லுங்கள். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் நின்று ஜெபித்துவிட்டு வருகிற வழக்கத்தை விட இது பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். ஐயர் இதைப் படித்தால் சிரிப்பார்.

ரத்தம் தேவைப்படும்போது வாலிபர் சங்கத்தைக் கூப்பிடலாம். அதற்கு முன்கூட்டியே குரூப்வாரியாக ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். பதினெட்டு வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை. கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதி வையுங்கள். ஆர்வத்தில் பையன்கள் தேதியை மறைக்கிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த எண்கள் இருக்கட்டும்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, முதியோருக்கு 14567, மனசு சரியில்லாதவர்களுக்கு 14416. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377. இந்த ஒரு நம்பர் தெரியாததால் வட்டிக்கு வாங்கித் தனியார் வண்டி பிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படுக்கையில் இருப்பவர்

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணாச்சி. பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அவர் மனைவியை மைனி (அண்ணி) என்போம், பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நாங்கள் முதல் தடவை போனபோது அண்ணாச்சியின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்துக் கன்றியிருந்தது. "வேர்க்குரு சிஸ்டர், பவுடர் போடுதேன்" என்றார் மைனி.

படுக்கைப்புண் ஆரம்பிக்கிற இடம் அது. புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று போட்டிருப்பான். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கல்லுப் போலவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுதான். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பவுடர் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் டியூபும் வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வைத்தியம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இழுக்காதீர்கள், இழுத்தால் தோல் உரியும். ஒரு பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து, தோளில் இருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்துவிட்டால், இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கித் திருப்பலாம். முழுக்கப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பில் பாரம் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சரிவாகச் சாய்த்து வைத்தால் போதும். இரண்டு முட்டிக்கு நடுவில் ஒரு துணிச்சுருள். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் தொங்குகிற மாதிரி. கடைசியாக, அவருக்கு அடியில் இருக்கிற பெட்ஷீட் சுருக்கத்தை நீவிவிடுங்கள். ஒரு சின்ன மடிப்பு போதும் புண் வைக்க.

சரி, இரண்டு மணி நேரம் என்று மைனிக்கு எப்படிக் கணக்குச் சொல்வது? வீட்டில் கடிகாரம் நின்று வருஷமாகிறது. அவரே வழி சொன்னார். "ரெண்டு மணி நேரத்துல அஞ்சு கட்டு முடிப்பேன் சிஸ்டர்." கட்டுக்கு இருபத்தஞ்சு பீடி. அஞ்சு கட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அண்ணாச்சியைத் திருப்புவார். ராத்திரிக்கு மட்டும் அந்தப் பையனின் போனில் அலாரம். ஒரு மாதத்தில் அந்தக் கறுப்பு மங்கிவிட்டது. திருப்பினது அவர்கள். நாங்கள் வாரம் இரண்டு நாள் போய்ப் பார்த்தோம், தலையணை உறை தைத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

சாப்பாடு கொடுக்கும்போது சாய்த்து நன்றாக உட்கார வைத்துக் கொடுங்கள், சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இருமினால் நிறுத்துங்கள். மூக்குக் குழாய், மூத்திரப் பை, திறந்த புண் இதிலெல்லாம் கை வைக்க வேண்டாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்க்கவும் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கவும் ஆள் உண்டு.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இடத்துக்கு இடம் மாறும். முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மனு இ-சேவை மையத்தில் போட வேண்டும். மனு நம்பர் இருக்கிற ரசீதை மஞ்சப்பையில் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். வேலை நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் ஸ்மார்ட் கார்டும் வேண்டும். வியாதி வந்து படுத்தபின் ஓடாமல், நல்லா இருக்கும்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் கைரேகை விழாத பெரியவர்களுக்குப் பதிலாக வேறு ஆள் வாங்க அனுமதி ஃபாரம் உண்டு. கடையிலேயே கேளுங்கள்.

ஏ.டி.எம். கார்டை மட்டும் கையில் வாங்காதீர்கள். "நம்பர் 4471 சிஸ்டர், நீங்களே எடுத்துத் தாங்க" என்பார்கள், அவ்வளவு நம்பிக்கை. அவரையே கூட்டிப் போய், நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். கடனும் கொடுக்காதீர்கள், ஐம்பது ரூபாய் என்றாலும். நான் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க முடியாத அந்த அம்மா, மாத்திரைக்குக்கூட என்னைக் கூப்பிடாமல் இருந்துவிட்டார்.

சபைக்குள்

ஆட்டோச் செலவுக்குப் பணம் வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு (சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) கொண்டுவருகிற பழக்கம் பழையது. குக்கர் வந்த வீடுகளில் அது நின்றுபோய்விட்டது. அதை மறுபடி ஆரம்பித்தோம். அந்த அரிசியைச் சபைக்குள்ளேயே ஏலம் விட்டு, வருகிற பணத்தை ஆட்டோவுக்கு வைத்தோம். கணக்கு நோட்டை மாதாமாதம் கோயில் நோட்டீஸ் போர்டில் தொங்கவிடுவோம். ஆள் பெயர் இருக்காது. "ஓ.பி., ஆட்டோ, 160" என்று மட்டும் இருக்கும். வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகளில், பந்தி விசாரிக்க ஏழு பேரை ஏன் ஏற்படுத்தினார்கள்? சில விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்ததால்தானே. முறுமுறுப்பு எல்லாக் காலத்திலும் வரும். நோட்டு இருந்தால் பாதி அடங்கும்.

"இதெல்லாம் நம்ம வேலையா? மிஷனரிமார் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிட்டாங்களே" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் இதே பாளையங்கோட்டையில் பார்வையில்லாதவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். பள்ளி இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் வாசல்வரை பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர அன்றைக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மருமகள், "மாமா, உங்க கண் ஆபரேஷனுக்கு யாரு கூட வந்தா?" என்றாள். பேச்சு முடிந்தது.

சபைக்குள் இருக்கிற பெரிய ஆபத்து ஜெப விண்ணப்பம். ஆமாம், அதுதான். "இன்ன தெருவில் இன்ன சகோதரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, வீட்டுக்காரர் குடிக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் புதன்கிழமைக் கூட்டத்தில் சொன்னால், வியாழக்கிழமை காலையில் காய்கறிக் கடையில் அது பேச்சாகிவிடும். வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இங்கேயும் அப்படித்தான். எங்கள் கூட்டத்தில், "இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்காக" என்று மட்டும் ஜெபிப்போம். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

அப்புறம், மதம். கூடப் போகிற அன்றைக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதில்லை, சபைக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதில்லை. வலியில் இருக்கிறவர் நம் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரிடம் கேட்பது நியாயம் இல்லை. "எனக்காக ஜெபிங்க" என்று அவராகக் கேட்டால் ஜெபிப்போம், அங்கேயே, சின்னதாக. சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, இரண்டு பேர் விலகிப் போனார்கள். பின்தெரு ஆச்சி ஒரு நாள் என் முட்டி வலிக்கு என்று கோயிலில் இருந்து குங்குமப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்தேன். கூட வந்த சின்னப் பெண், "வாங்கலாமாக்கா?" என்று காதில் கேட்டாள். அந்த ஆச்சி கோயில்வரை வெயிலில் நடந்து போய் வந்திருக்கிறார், எனக்காக. வேறு என்ன செய்வது?

சில விஷயங்களைப் பேரம் பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிற பெண் வீட்டுக்கு ஆண்கள் தனியே போகக் கூடாது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு யாராக இருந்தாலும் இரண்டு பேர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் 108-தான், நாம் இல்லை. ஒருவருக்கு வாரத்தில் ஒரு காலைக்கு மேல் வேலை கொடுக்காதீர்கள். முதல் மாதம் துள்ளிக்கொண்டு நாலு நாள் வருகிறவர் மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார்.

மே மாதம் பற்றிக் கடைசியாகச் சொல்ல வேண்டும். மே மாதம் ஆள் இருக்காது. பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும், கல்யாணங்கள், ஊர் ஊராக அசனப் பண்டிகை (சபையின் பொது விருந்து), பேரப்பிள்ளைகள் சென்னையில் இருந்து வந்துவிடும். முதல் வருஷம் இதை யோசிக்காமல், மூன்று பேருக்கு ஓ.பி. நாள் தவறிப்போனது. இப்போது ஏப்ரல் இரண்டாம் வாரமே நோட்டை எடுத்து, மே மாதத்தில் யாருக்கு எந்தத் தேதி என்று பார்த்து, தள்ளிப் போடக் கூடியதை ஜூனுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுகிறோம். முடியாதவர்களுக்கு ஆள் பெயரை இப்போதே எழுதி, அந்த ஆளிடம் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். இந்த மே 14-ஆம் தேதிக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. மைனி வீட்டு அண்ணாச்சிக்கு நரம்பு டாக்டர் பார்க்கிற நாள். அன்றைக்கு என் அக்கா பேத்திக்குக் கல்யாணம், காலை பத்தரைக்கு ஆராதனை. ஏழரைக்குள் சீட்டு வாங்கி அவர்களை வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.